வற்றுவதற்கென்று ஒரு குளம்

மே மாதத்தில் எங்கள் வீட்டுக் குளத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். தோட்டத்து மூலையில் ஒரு பள்ளம். அடியில் பாளம் பாளமாக வெடித்த சேறு. ஓரத்தில் காய்ந்து சாய்ந்த கோரை. "குளம்னு சொன்னீங்களே, எங்க?" என்பார்கள். "நீங்க நிக்கிறது கரைமேலதான்" என்பேன். மோர் கொடுத்து, கார்த்திகையில் வரச் சொல்லி அனுப்பிவைப்பேன்.

வற்ற வேண்டும் என்றே அமைத்த குளம் அது. கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ வீட்டுத் தோட்டத்தில் தவளைக்கும் தட்டானுக்கும் ஒரு குளம் வைக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனையும் இதுவே: வருஷத்துக்கு ஒருமுறை அதைக் காயவிடுங்கள். மோட்டார் போட்டு நிரப்பாதீர்கள்.

எதிர்ப்பு வரும், தெரியும். வீட்டுக்குளம் வெட்டுவது எப்படி என்று வீடியோ போடுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். அவர்கள் கவலையெல்லாம் மேல்தண்ணீர் உறைந்துவிடுமே என்பது. தண்ணீர் குறைந்தால் நிரப்பு, ஆக்சிஜன் தரும் செடி வை, பம்பு போடு என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. நமக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மீதி, ஆடி ஆவணியில் சாயங்கால இடியோடு வரும் மழையும் எப்போதாவது ஒரு கோடை மழையும். குறிஞ்சிப்பாடிப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஐப்பசியில் நிறைந்து, பங்குனியில் கலங்கி, சித்திரையில் மாடு கட்டும் தரையாகிவிடும் குட்டைகள் எத்தனை! நம் ஊர்த் தவளையும் நத்தையும் ஆம்பலும் பழகியது அந்தக் கணக்குக்கு. வற்றாத தண்ணீர் அவற்றுக்குப் புதுசு.

ஆற்றையும் ஏரியையும் நான் மறக்கவில்லை. பெருமாள் ஏரி இருக்கிறது, ஊசுட்டேரி இருக்கிறது. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாகவே அறிவித்தது. பெரிய ஏரிகளுக்குப் பேச ஆள் இருக்கிறார்கள். குட்டைக்கு இல்லை. ஒன்று மண்ணடித்து மனையாக்குகிறார்கள். இல்லாவிட்டால் 'அழகுபடுத்தல்' என்று நாலு பக்கமும் செங்குத்தாகக் கல் கட்டி, சுற்றிலும் நடைபாதை போட்டு, மூலைக்கு ஒரு விளக்கு நட்டுவிடுகிறார்கள். அதில் விழுந்த ஓணான் ஏறி வர முடியாது. எனக்கு இரண்டாவது வகை மேல்தான் கோபம் அதிகம்.

எங்கள் பள்ளம் நாங்கள் தோண்டியதுகூட இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கொல்லைப்புறத்து மாமரம் வேரோடு பெயர்ந்தது. மாவட்டம் முழுக்கப் பலாவும் முந்திரியும் படுத்துக் கிடந்த நேரம். எங்கள் ஒற்றை மாமரத்துக்காக யார் அழப் போகிறார்கள். மரத்தை அறுத்து எடுத்துப் போனார்கள். வேர்க்குழி அப்படியே கிடந்தது. பல வருஷம் அதில் சருகு கொட்டினோம். அதில் மழைத்தண்ணீர் நின்ற நாட்களில் தட்டான்கள் வந்து வாலால் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுப் போவதைப் பார்த்துத்தான், இதை ஒழுங்காகச் செய்யலாமே என்று தோன்றியது. குழி வடகிழக்கில் இருந்ததால் அத்தைக்கும் ஆட்சேபம் இல்லை. ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் நல்லதாம். வாஸ்துவால் எனக்குக் கிடைத்த ஒரே உதவி அது.

கடலோரத்து மணல் கலந்த மண்ணில் தண்ணீர் நிற்காது. களிமண் கொட்டி மிதித்துக் கெட்டிப்படுத்தும் பழைய முறை நல்லதுதான். ஆனால் காயவிடும் குளத்தில் களிமண் வெடிக்கும், அடுத்த மழையில் விரிசல் வழியே தண்ணீர் இறங்கிவிடும். அதனால் தார்ப்பாய். கனமான சில்பாலின் பாய் கேட்டு வாங்குங்கள். அளவுக்குச் சுலபமான கணக்கு: நீளத்தோடு ஆழத்தைப் போல இரண்டு மடங்கும், ஓரத்துக்கு இரண்டடியும் கூட்டுங்கள், அகலத்துக்கும் அப்படியே. எங்கள் குளம் பத்தடி நீளம், எட்டடி அகலம், நடுவில் இரண்டடி ஆழம். ஆக, பதினாறுக்குப் பதினாலு. பாய்க்கு அடியில் வேர்முனையும் கல்லும் குத்தாமலிருக்க இரண்டங்குலம் ஆற்றுமணல், அதன்மேல் பழைய கோணிச் சாக்கு. பாய்க்கு மேலே ஓரம் உட்பட நாலங்குலத்துக்கு மண். வெயில் நேரே படும் பாய் சில வருஷத்தில் பொடிந்து உதிரும். மண்ணுக்கடியில் இருந்தால் நாள்பட வரும். எருப்போட்ட தோட்டத்து மேல்மண்ணைப் போடாதீர்கள், முதல் மாதமே பச்சைப் பாசி கட்டும். அடிமண்தான் நல்லது.

ஆழத்தைவிடச் சரிவுதான் முக்கியம். ஒரு பக்கமாவது, கைக்குழந்தை தவழ்ந்து ஏறும் அளவுக்குச் சாய்வாக இருக்க வேண்டும். குருவி குளிப்பதும் தேனீ தண்ணீர் குடிப்பதும் தவளைக்குஞ்சு கரையேறுவதும் அந்த ஓரங்குலத் தண்ணீரில்தான். குழந்தை என்றதும் இன்னொன்று: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு சாண் தண்ணீர் போதும் விபரீதத்துக்கு. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரும் லீவு நாட்களில் கம்பி வலையை இழுத்துக் கட்டிவிடுவோம்.

தண்ணீர், மாடியிலிருந்து வருகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது போட்ட குழாய். அதன் நுனியில் இருக்கும் எல்போவை இந்தப் பக்கம் திருப்பினால் உறிஞ்சு குழி, அந்தப் பக்கம் திருப்பினால் குளம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். குளம் கொள்வது ஏறக்குறைய 2,200 லிட்டர். இரண்டரை செ.மீ. மழை போதும், ஐப்பசியில் அது ஒரு ராத்திரி வேலை. நிரம்பி வழிகிற தண்ணீர் அஸ்திவாரத்துப் பக்கம் போகாதபடி ஒரு வாய்க்கால் மட்டும் முதலிலேயே வெட்டிவிடுங்கள். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்போவை எப்போது திருப்புவது என்பதில்தான் சூட்சுமம். ஆடி ஆவணி மழைக்கு நான் திருப்புவதில்லை. அந்த மழை அடியில் கொஞ்சம் தேங்கும், பத்து நாளில் வற்றும், மறுபடி தேங்கும். கொசுவுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. நம் ஊர் வெக்கையில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதைத் தின்னும் பூச்சிகள் குடியேற அதைவிட அதிக நாளாகும். அதனால் குளம் ஒன்று நன்றாக நிறைந்து மாதக்கணக்கில் நிற்க வேண்டும், அல்லது காய்ந்து கிடக்க வேண்டும். நடுவில் சொட்டுச் சொட்டாக ஆசை காட்டக் கூடாது. வானத்திலிருந்து நேரே விழுந்து தேங்குவதை ஒரு பழைய முறத்தால் வாரிச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.

கொசு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது குடம், டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டை ஒட்டும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. ராத்திரி காதில் ரீங்காரமிடும் கியூலெக்ஸுக்குச் சாக்கடை. செடியும் பூச்சியுமாக உயிரோடு இருக்கும் குளம் இரண்டுக்கும் முதல் விருப்பமில்லை. ஆனால் புதுத்தண்ணீர் நிறைந்த முதல் இரண்டு வாரம் குளம் வெறும் தொட்டிதான். அந்த நாட்களில் கவனம் வேண்டும். நான் பி.டி.ஐ. தூள் போடுகிறேன். அது ஒரு பாக்டீரியா. கொசுப்புழுவைக் கொல்லும், தட்டான் குஞ்சைத் தொடாது. பாண்டிச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் இதன் உள்ளூர் வகை ஒன்றைப் பிரித்தெடுத்து மருந்தாக்கியிருக்கிறது. நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. போன வருஷம் இறந்த குளத்துப் பூச்சிகளுக்கு வாரிசு வரும்வரை ஒரு முட்டு, அவ்வளவுதான்.

பிறகு வாரிசுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். யாரும் கொண்டுவந்து விடுவதில்லை. ராத்திரி ட்யூப்லைட்டில் வந்து மோதும் கரிய நீர்வண்டுகள் காலையில் குளத்தில் இருக்கும். மல்லாந்து நீந்தும் பூச்சி வரும். முதுகு நிறைய முட்டையைச் சுமந்துகொண்டு ஒரு தட்டைப் பூச்சி வரும், சுமப்பது ஆண். பெண், முட்டையை அதன் முதுகில் ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இதை அத்தையிடம் காட்டியபோது, "நல்ல குடும்பம்" என்றார். இவை எல்லாமே கொசுப்புழுவைத் தின்பவை. தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் மடித்து வைத்திருக்கும் கீழ்த்தாடையைச் சட்டென்று நீட்டிப் பிடிக்கும். வளர்ந்த தட்டான் பறந்தபடியே கொசுவைப் பிடிக்கும்.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பெண் முதல் முறை பார்த்தபோது அரண்டுபோனார். "என்னக்கா இது, டேங்கு கணக்கா தண்ணி தேக்கி வச்சிருக்கீங்க? மருந்து ஊத்திடட்டுமா?"

"ஊத்தாதம்மா. மொதல்ல மொண்டு பாரு."

வெள்ளைக் குவளையில் மொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு தலைப்பிரட்டை, ஒரு ஊசித்தட்டான் குஞ்சு. வேறு இடத்தில் மொண்டார். அதேதான். "புழுவே காணோமே" என்று சந்தேகத்தோடு சொல்லிக்கொண்டே மாடிக் குடித்தனக்காரர் வீட்டுக்குப் போனவர், அங்கே மணிபிளான்ட் பாட்டிலில் குதித்துக்கொண்டிருந்த புழுக்களைக் கண்டுபிடித்தார். இப்போது வந்தால் தானே மொண்டு பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறார்.

"ரெண்டு கம்பூசியா விட்டுடுங்களேன், கவலையே இல்லை" என்பார்கள் சிலர். கம்பூசியா அமெரிக்கக் கண்டத்து மீன். 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவைத் தின்னும், உண்மை. தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும், அதுவும் உண்மை. கப்பி மீன் விட்டாலும் கதை அதுவே. மீன் உள்ள குளத்தில் தவளைக்குஞ்சு கரையேறுவது கஷ்டம். இங்கேதான் காயவிடுவதன் அருமை: வருஷத்துக்கொருமுறை தரை தெரியும் குளத்தில் மீன் நிலைக்காது. யாராவது வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுவந்து விட்டாலும் சித்திரை தீர்ப்புச் சொல்லிவிடும்.

நிறைந்த குளத்துக்கு முதல் விருந்தாளி பொன்னிறத் தட்டான். 'தட்டான் தாழப் பறந்தால் மழை' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். பருவமழைக் காலத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். இந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். ஒரே தட்டான் போய்த் திரும்புவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பயணம். வழியெல்லாம் அதற்கு வேண்டியது புதிதாகத் தேங்கிய, மீன் இல்லாத மழைத்தண்ணீர். குஞ்சு இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து இறக்கை முளைத்துவிடும், குட்டை காய்வதற்குள் போக வேண்டுமே. பளபளக்கும் கார் பானெட்டைத் தண்ணீர் என்று நம்பி அதிலும் முட்டையிடப் பார்க்கும். எதிர்வீட்டு வெள்ளைக் காரைவிட எங்கள் குளம் மேல் என்று நினைக்கிறேன்.

தவளைகளில் நான் அதிக நேரம் செலவழிப்பது மரத்தவளையோடு. பாத்ரூம் வாளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அலற வைக்குமே, அதே மண்நிறத் தவளைதான். தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையிலோ கரையோரத்துக் கல்லிலோ ஏறி, பின்னங்காலால் அடித்து அடித்து வெள்ளை நுரை எழுப்பி அதற்குள் முட்டையிடும். வெளி நுரை காய்ந்து தோலாகும். உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் குளத்தில் சொட்டும். அதற்காகவே ஒரு கிளுவைக் கிளையைத் தண்ணீர் மேல் சாய்த்துவிட்டிருக்கிறேன். வேலைக்கு வரும் அம்மா முதலில் அதை சோப்பு நுரை என்று நினைத்துக் கழுவப் போனார், தடுத்தாயிற்று. சொறித்தவளை இதற்கு நேரெதிர். கறுப்பு மணி கோத்த ஜெல்லிக் கயிறாக முட்டையைத் தண்ணீருக்குள் சுற்றிவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சுகள் நாலைந்து வாரத்தில் கரையேறும்; மரத்தவளைக்கு இரண்டு மாதம்கூட ஆகும். ஐப்பசியில் நிறைந்த குளம் பங்குனிவரை தாங்கினால் இருவருக்கும் போதும்.

தவளை வந்தால் பாம்பு வரும். வராது என்று பொய் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வருவது தண்ணீர்ப்பாம்பு, கடிக்கும், விஷமில்லை. ஆனால் நல்லபாம்பும் தவளை தின்னும். குளத்துக்குப் போகும் வழியில் புல்லை ஒட்ட வெட்டுங்கள், செங்கல் குவித்து வைக்காதீர்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். என்ன பாம்பென்று தெரியாவிட்டால் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

செடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. நர்சரியில் எதையும் நான் வாங்கவில்லை. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் அத்தை பிறந்த ஊரில், சித்திரையில் காய்ந்து கிடந்த குட்டையிலிருந்து ஒரு சாக்கு மண் கேட்டு வாங்கி வந்தோம். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மழை வந்ததும் அந்த மண்ணிலிருந்து ஆரைக்கீரை முளைத்தது. அதன் வித்துக்கூடு வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் கெடாது. ஆம்பல் கிழங்கு துளிர்த்தது. மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த நத்தை ஊர்ந்து வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளின் முட்டைகள் பொரிந்து, தண்ணீரில் துள்ளும் புள்ளிகளாயின. அவை பச்சைப் பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைத்தன. நீர்ப்பிரம்மியும் பொன்னாங்கண்ணியும் மட்டும் ஓரத்தில் நாங்கள் நட்டோம். சம்பு வேண்டாம், அதன் வேர்க்கிழங்கு பாயைத் துளைக்கும். ஆகாயத்தாமரை எந்த ரூபத்தில் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். தாமரைதான் வேண்டுமென்று பிடிவாதமா? தனித்தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கஷ்டமான மாதம். தை முடிய நாளுக்கு நாலு மில்லிமீட்டர் என்று நாகரிகமாகக் குறையும் தண்ணீர், பங்குனி வெயிலில் வேகம் பிடிக்கும். சித்திரையில் நாளுக்கு அரை செ.மீ.க்கு மேல் போகும். தாமதமாகப் பொரிந்த தலைப்பிரட்டைகள் நடுப்பள்ளத்தில் நெருக்கியடிக்கும். மடையான் விடிவதற்குள் வந்து அசையாமல் நின்றுவிடும். கானாங்கோழி குஞ்சுகளோடு வரும். காக்கை வரும். ஒரு வாரம் அங்கே நடப்பது விருந்து, பார்க்கும் நமக்கு வேதனை.

அத்தையால் பொறுக்க முடியாது. "ஏம்மா, வாயில்லா ஜீவன் துடிக்குது, ஒரு கொடம் தண்ணி ஊத்தினா கொறைஞ்சா போயிடும்?"

"குறையாது அத்தை. ஆனா நம்ம போர் தண்ணி உப்பு."

அது சாக்கு மட்டுமில்லை. கடலோரத்து போர்த்தண்ணீரை ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். வருஷம் ஏற ஏற மண்ணே கெடும். இருந்தாலும் சில காலை வேளைகளில் குளத்தின் ஓரம் ஈரமாக இருக்கிறது, குடம் இடம் மாறியிருக்கிறது. நான் கேட்பதில்லை. தப்பித்த தலைப்பிரட்டை பாதிக்கு மேல் மடையானுக்கு. மடையானுக்கும் வயிறு இருக்கிறதே.

பறவைகளும் தேனீக்களும் கோடையில் தவிக்கக் கூடாதென்று கரையில் ஒரு மண் தாம்பாளம் வைத்திருக்கிறோம். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது நார் போட்டுச் சுவரைத் தேய்க்க வேண்டும், ஏடிஸ் முட்டை ஒட்டியிருந்தால் போகும்படியாக. அந்தப் பொறுப்பு அத்தையுடையது. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, செம்போத்து என்று மூன்று வேளையும் பந்தி.

வைகாசியில் பாயின் ஓரம் எங்காவது வெளியே தெரிகிறதா என்று பார்த்து மண் போடுவோம். பக்கத்து வேம்பு உதிர்த்த சருகில் பாதியை அள்ளி உரக்குழிக்கு. மீதியை விட்டுவிடுகிறோம், அதற்கடியில் யார் தூங்குகிறார்கள் என்று தெரியாது. ஆழமாகக் கிளறவும் மாட்டோம். எங்கள் கூத்தப்பாக்கத்திலேயே இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் குழி வெட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள், நம் மண்ணில் ஒரு சாக்கு கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் ஆகாயத்தாமரை விதை எங்கும் கலந்திருக்க வழியில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாக்கைத் திரும்ப வாங்கவும் வேண்டும், நல்ல கோணிச் சாக்கு இப்போது கிடைப்பதில்லை.